கை தூக்கினால் வால்யூம்

1. இரண்டு வரி ஜெபம்

ஊழியத்துக்கு வந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த பொறுப்பு ஸ்பீக்கர் பெட்டி தூக்குவது. தோளில் மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி, அதற்கு ஒயர் இல்லாத மைக். அதுவரை பொன்மலையில் பஞ்சர் கடை வைத்திருந்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவனை ஆண்டவர் ஏன் அழைத்தார் என்று தெரியவில்லை. பாஸ்டர் ஆசீர் ஏன் அழைத்தார் என்று தெரியும். அவருக்கு முதுகுவலி.

பாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல். குரலுக்கு மட்டும் இருபது. ஒரு தகர ஷெட்டில் சபை நடத்தினார். பத்துக்குப் பத்து அறையில் ஜெபம் என்றாலும் மைக் இல்லாமல் வாயைத் திறக்கமாட்டார். கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "பிரதர், நான் வலது கையைத் தூக்கினா வால்யூமைக் கூட்டணும். இறக்கினா குறைக்கணும். மத்ததைக் கர்த்தர் பாத்துப்பார்."

அன்று ஸ்ரீரங்கத்தில் ஜெயசீலி அக்கா வீட்டில் ஜெபம். அவர் கணவர் சேகர் ஆட்டோ ஓட்டுகிறவர். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மாடியில் வீட்டின் சொந்தக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐயங்கார். தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும்.

ஜெபம் முடிகிற நேரத்தில் பாஸ்டர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "கடைசி ஜெபம் நீங்க பண்ணுங்க பிரதர்."

"ஆண்டவரே, இந்த வீட்டைப் பாத்துக்குங்க. ஆமென்."

ஜெயசீலி அக்கா அப்போதுதான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்றார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே பாஸ்டர் கத்தினார். "யோவ் பிரதர், அந்தம்மா காலையிலேர்ந்து கொண்டைக்கடலை வேகவெச்சு சுண்டல் பண்ணியிருக்கு. நீங்க ரெண்டு வரி சொல்லிட்டு ரெண்டு தட்டு சாப்பிடுறீங்க. சுண்டலுக்குத் தகுந்த ஜெபமாவது வேணாமா?"

அவரிடம் கற்ற முதல் பாடம் அது. நான் தேறவில்லை. சுண்டலைத்தான் குறைத்துக்கொண்டேன்.

2. ரூபி அக்காவின் முக்காலி

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் ரூபியோட போங்க. அங்க மைக்கை உள்ள விடமாட்டேங்கிறாங்க" என்றார் பாஸ்டர், பெரிய அநியாயம் நடந்துவிட்ட மாதிரி.

ரூபி அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் சபையில் நோயாளிகளைப் பார்க்கப்போகிற வேலை அவருடையது. பைபிளைப் பையில் வைத்திருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கும். வார்டில் உட்கார இடம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் சுவரோடு சுவராக நிற்பேன்.

ஒருநாள் வையம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மூச்சு வாங்கப் படுத்திருந்தார். மகன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, எங்கப்பா பொழைச்சிருவாருல்ல?"

பாஸ்டராக இருந்தால் அந்த இடத்திலேயே பிழைக்கவைத்து, டிஸ்சார்ஜும் பண்ணியிருப்பார். அக்கா சொன்னார்: "தெரியலையேப்பா. நான் இங்கதான் இருக்கேன். நீ கீழ போய் நாலு இட்லி சாப்பிட்டுட்டு வா."

வெளியே வந்ததும் கேட்டேன். "விசுவாசமா ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு நாளைக்கு அந்தப் பையன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? தெரியாதுன்னு சொல்லுங்க, ஆனா எந்திரிச்சுப் போயிராதீங்க. அதுக்குத்தான் இந்த முக்காலி." ரெண்டு படி இறங்கியவர் நின்றார். "தெரியாதுன்னு சொல்றதுக்கும் வெக்கப்படாதீங்க. மத்த எல்லாத்துக்கும்தான் படுறீங்களே, போதும்."

3. மாடிக்குக் கேட்டது

மாமா வீட்டை வாடகைக்கு விடும்போது போட்டது ஒரே நிபந்தனை. குடிக்கிறவர்களுக்கு இடம் கிடையாது. முன்பு கீழே இருந்தவன் குடித்துவிட்டு வாசலில் புரண்டதை அவர் மறக்கவில்லை. சேகருக்கோ அந்தப் பழக்கம் இருந்தது. அதனாலேயே இதற்கு முன் இரண்டு வீடுகளைக் காலி பண்ணியிருந்தார்கள். இந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடந்தே போய்விடலாம். இதையும் விட்டால் எங்கே போவது என்ற பயத்திலேயே ஜெயசீலி அக்கா இருந்தார்.

அடுத்த முறை போனபோது அக்கா எங்களை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "பாஸ்டர், ஆட்டோ சீட்டுக்கு அடியில பிராந்தியை ஒளிச்சு வெச்சுக் குடிச்சிட்டிருந்தாரு. சில வாரமா தொடல. அப்படியே இருக்கணும்னு வேண்டிக்குங்க. மாடிக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று கிசுகிசுத்தார். பாஸ்டர் தலையை ஆட்டினார்.

ஜெபம் ஆரம்பித்தது. பாஸ்டர் கண்ணை மூடினால் இந்த உலகத்தையே மறந்துவிடுவார். அடுப்படியையும் மறந்துவிட்டார்.

"ஆட்டோ சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் குடிச்ச இந்த மகனை மனமிரங்கிப் பாருமய்யா!"

வலது கை மேலே போனது. உருக்கத்தில்தான் தூக்கினார். எனக்கு அது உத்தரவு. வால்யூமைக் கூட்டினேன்.

"மறுபடி அந்த பிராந்தியைத் தொடவிடாதேயும்!"

இரண்டு கையும் மேலே. முழுசாகத் திருகிவிட்டேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் மாமா மாடிப்படியில் நிற்கிறார்.

"ஏன் ஸ்வாமி, உங்க பகவானுக்குக் காது மந்தமா? இந்நேரம் கொள்ளிடம் தாண்டிக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்காதா?" ஜெயசீலி அக்கா பக்கம் திரும்பினார். "சொல்லித்தானே வீடு கொடுத்தேன்? காலி பண்ணிடுங்கோ."

அக்கா சுண்டல் தட்டோடு அப்படியே நின்றார். சேகர் தரையைப் பார்த்தார்.

பாஸ்டர் மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். கை கூப்பினார். "தப்பு என்னுதுங்கய்யா. இந்தம்மா ரகசியமாச் சொன்னதை நான் ஊருக்கே சொல்லிட்டேன். கோவத்தை என்மேல காட்டுங்க." அவ்வளவுதான். வசனம் சொல்லவில்லை, சாத்தானைத் திட்டவில்லை. வசனம் சேர்க்காமல் ஒரு பிரசங்கியார் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மாமா அசையவில்லை. "அது கிடக்கட்டும். இவர் விட்டாச்சா? அதைச் சொல்லுங்கோ."

"இயேசுவின் நாமத்துல இனிமே ஆயுசு பூரா..." என்று பாஸ்டர் தொடங்கினார்.

"நீர் நிறுத்தும்." மாமாவின் விரல் என்னைக் காட்டியது. "பெட்டி தூக்கறவர் சொல்லட்டும். அவர் ஒருத்தர்தான் இதுவரைக்கும் சத்தம் போடலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூபி அக்காவின் முக்காலி ஞாபகத்துக்கு வந்தது.

"குடிச்சாரு. இப்பக் குடிக்கல. இனிமே எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. சாயங்காலம் வண்டியை நிறுத்தினதும் நான் வந்து அவர்கூட உக்காந்துக்கிறேன்."

சேகர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எனக்கும் தெரியல மாமா. வரட்டும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டு பேருக்குமே தெரியலை. நன்னாருக்கு." ஏறப்போனவர் நின்றார். "இருங்கோ, பாப்போம். வாசனை வந்தா அன்னிக்கே காலி. அந்தப் பெட்டி வந்தா அதுக்கு முன்னாடியே காலி."

4. பெட்டி இல்லாத ஜெபம்

சாயங்காலங்களில் போய் உட்கார்ந்தேன். சேகரின் ஸ்டெப்னியைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினேன். ஒட்டி முடிந்ததும் பேச விஷயம் இல்லை. ஒருநாள் சேகர் எரிந்து விழுந்தார். "நீங்க இப்படிப் பேசாம உக்காந்திருக்கிறதுக்கு நான் குடிச்சே தொலைச்சிரலாம் பிரதர்!" மறுநாளும் போனேன். அவரே டீ வாங்கி வைத்திருந்தார்.

அடுத்த வீட்டு ஜெபத்துக்குப் பெட்டி வரவில்லை. பாஸ்டர் மெதுவாக ஜெபித்தார். பல்வலிக்காரர் புலம்புகிற மாதிரி இருந்தது. நடுவில் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார். என் கை தானாகத் தோளுக்குப் போய் வெறும் சட்டையைத் திருகியது.

மாடிப்படியில் சத்தம். மாமா பாதி இறங்கி, படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் காதில விழலையே. சேகருக்கு என்ன வேண்டிண்டேள்?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்காருங்க மாமா" என்றேன்.

"ம்" என்றார் மாமா. ஜெயசீலி அக்கா சுண்டலை நீட்டினார். "வெங்காயம் போடல மாமா."

"இன்னிக்கு ஏகாதசிம்மா" என்றார் அவர். யாரும் காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவரும் எழுந்து போகவில்லை.

புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்கள் என்னிடமும் யோசனை கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முக்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தப்புப் பண்ணினால் வசனம் சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். ஒருவர் உங்கள் காதில் சொன்னதைக் கர்த்தரிடமும் மெதுவாகவே சொல்லுங்கள். அவர் மேலேதான் இருக்கிறார். மேலே வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.