எலியேசர் அத்தானின் விமானம்

என் அக்கா ஞானசௌந்தரியின் புருஷன் எலியேசர், குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அடுத்தவர் கையெழுத்துப் போட நாள் முழுக்கக் கடிதம் அடிப்பதுதான் பிழைப்பு. சண்டை போடத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளைத்தான் ஊர் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லும். தங்கத்தை வாங்குவதே அடகு வைக்கத்தான் என்பது என் கட்சி.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. சின்ன வயதில் தாம்பரம் வானத்தில் பார்த்த டைகர் மாத் என்ற பழைய விமானம். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, நடுவே குறுக்குக் கம்பிகள். அதை மரத்தில் அச்சு அசலாகச் செய்ய வேண்டும். நிஜத்தில் ஒரு அடி என்றால் இவருக்கு ஒரு அங்குலம். உடம்புக்குக் கல்யாண முருங்கை, இறக்கைக்குள் மூங்கில் சீவல், மேலே காற்றாடிக் காகிதம், கம்பிக்குத் தூண்டில் நரம்பு. இறக்கை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டுமாம். சாய்வு தப்பிவிட்டது என்று, முடித்த இறக்கையை உடைத்து அடுப்பில் போட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

1969-ல் சேலையூரில், ரிட்டயரான விமானப்படை அதிகாரி ஒருவர் பையன்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார். அத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். "திறப்பு விழாவுக்கு முடிச்சுக் கொண்டாங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, கீழ உங்க பேர் போடறேன்" என்றார். தன் பேரை நாலு பேர் படிப்பார்கள் என்ற நினைப்பிலேயே அத்தானுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

விழா ஒரு திங்கட்கிழமை. முந்தின ஞாயிறு எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், கோழி என்று சபையார் பீடத்துப் படியில் கொண்டுவந்து வைப்பார்கள். போதகர் ஜெபித்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். இது அத்தானுக்குத் தெரியாத வழக்கமா? செய்து முடித்த விமானத்துக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும், ஜெபம் முடிந்த கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று அதையும் அங்கே வைத்தார். புத்தி கெட்ட பக்தி.

அவர் எழுந்து போவதற்குள் பூசணிக்காயோடு சேர்த்து அதையும் ஏல மேசைக்குத் தூக்கிவிட்டார்கள். பதறி ஓடப் பார்த்தவரை அக்கா பிடித்து நிறுத்தினாள்.

"ஆண்டவருக்கு வெச்சதைத் திருப்பிக் கேக்காதீங்க. நமக்குப் புள்ளைங்க இருக்கு, சாபம் வேணாம். வேணும்னா ஏலத்துல எடுங்க."

எடுக்கத்தான் பார்த்தார். எதிரே கட்டட கான்ட்ராக்டர் அசரியா. பண்டிகை ஏலத்தில் எலுமிச்சம்பழத்துக்கே கோழி விலை கொடுத்துக் கைதட்டல் வாங்குகிற ஆள். அத்தான் கேட்கக் கேட்க அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். டைப்பிஸ்ட் சம்பளம் எவ்வளவு தூரம் ஓடும்? மூன்றாம் தரம் சொல்லி முடித்தார்கள். சபை கைதட்டியது.

அத்தான் வெளியே அசரியாவை மறித்து, "அண்ணே, அது நாளைக்குச் சேலையூர் விழாவுக்கு..." என்று இழுத்தார்.

"அட, அந்தக் கட்டடமே நாம கட்டினதுதானே! நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன், தம்பி."

கொடுத்தார். மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் விமானம் நின்றது. கீழே 'அன்பளிப்பு: திரு. அசரியா' என்று பெயின்ட் காயாத பலகை. அதிகாரி கூட்டத்தில் அத்தானைக் கண்டுபிடித்தார்.

"மிஸ்டர் எலியேசர், எங்கே உங்க விமானம்? வாயால செய்யறது சுலபம். இவர் பாருங்க, ஒரு வார்த்தை சொல்லாம கொண்டுவந்து நிறுத்திட்டார்."

பக்கத்தில் நின்ற அசரியா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். என்னுடையது என்று அத்தான் சொல்லியிருந்தால் ஆண்டவருக்கு வைத்ததைக் கேட்டதாகிவிடுமே.

"முடிக்க முடியலை சார்" என்றார்.

இதைச் சொல்லிச் சொல்லி அக்கா பல வருஷம் அழுதாள். அத்தான் அதற்கப்புறம் உளியைத் தொடவில்லை. 1975-ல் செத்துப்போனார். அடக்க ஆராதனையில் அசரியா எழுந்து நின்று, "எதுக்குமே ஆசைப்படாத மனுஷன்" என்று சாட்சி சொன்னார். சபையே ஆமென் என்றது. எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது.