பிரதட்சிணம் போன துப்பாக்கிகள்

மன்னார்புரத்தில் அந்த பிரவுசிங் சென்டர் கதவைத் திறந்ததும் ஏசி குளிரோடு மிக்சர் வாசனையும் சேர்ந்து வரும். செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். கீபோர்டுகளில், ஓடுவதற்கு அழுத்தும் நாலு கீயில் மட்டும் எழுத்தே இருக்காது... தேய்ந்து மொழுமொழுவென்றிருக்கும்.

அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷனில் இறங்கி நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டு கம்ப்யூட்டரையும் இணைத்து, நாலுக்கு நாலு துப்பாக்கிச் சண்டை கேம் ஓடும். சண்டை நடக்கும் இடத்தை நாமே கட்டிக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. மேப் என்போம். யாராவது மேப் செய்து வந்தால் ஒரு ஞாயிறு போட்டுப் பார்ப்பதாகக் கடைக்கார அண்ணன் சொல்லியிருந்தார். நன்றாக இருந்தால் வாராவாரம் ஓடும். இல்லையென்றால் அன்றே டெலிட்.

நான், கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் போகும் எங்கள் சித்திரை வீதியைக் கட்டினேன்.

சும்மா இல்லை. நாலு வீதியையும் காலடி எண்ணி அளந்தேன். தேர் நிற்கும் இடம், பூக்கடை, பூக்கடைப் பலகையில் தண்ணீர் சொட்டிய கறை வரைக்கும் வரைந்தேன். பூக்கடைக்கு மட்டும் நாலு நாள் ஆனது. ஆனால் துப்பாக்கியோடு யாரையும் கோயில் பக்கம் விட மனசு வரவில்லை. அபசாரம் இல்லையா? அதனால் வீதிகளின் உள்பக்கம் முழுக்க இடைவெளி இல்லாமல் சுவர் எழுப்பிவிட்டேன்.

அந்த ஞாயிறு, ஆடவும் கைதட்டவும் ஆள் வேண்டுமே என்று எங்கள் தெருப் பையன்கள் எட்டு பேரை கூட்டிக்கொண்டு போனேன். ஒரு டீம் தெற்கிலிருந்து, ஒரு டீம் வடக்கிலிருந்து. ஓடினார்கள்... ஓடினார்கள்... ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. நேரம் முடிந்து கேமே சலித்துப்போய் நின்றுவிட்டது.

எட்டு பேரும் வலமாகவே சுற்றியிருக்கிறார்கள்! பின்னே? பிறந்ததிலிருந்து அப்படித்தானே சுற்றுகிறோம். வீட்டில் தனியாக டெஸ்ட் செய்தபோது நானும் அப்படியே சுற்றியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இப்படி ஒரே பக்கமாகப் போனால் ஜென்மத்துக்கும் எதிரில் எவனும் வரமாட்டான்.

எனக்கு வந்ததே கோபம். திரும்பி ஓடுங்களேன்டா என்று ஒவ்வொருவன் நாற்காலிக்குப் பின்னாலும் நின்று கத்தினேன்.

என் காலேஜ் கூட்டாளி பஷீர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாலக்கரைக்காரன். அவர்களுக்குப் பெரிய கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. அவன் மெதுவாகக் கேட்டான்.

"டேய் சேஷா, உன் மேப்ப ஆடுற ஒவ்வொருத்தன் பின்னாடியும் நீ வந்து நின்னு சொல்லிட்டு இருப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "உனக்கு எங்க ஊரப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. காலேஜில் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். அவ்வளவு ரோஷம்.

மூன்றாவது ஞாயிறு காலையில் அவனே வீட்டு வாசலில் வந்து நின்றான். என் மேப்பை டெலிட் பண்ண வேண்டாம் என்று கடைக்கார அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறான். உறையூர்ப் பையன்கள் வருகிறார்களாம், அதைத்தான் ஆடப்போகிறார்களாம்.

"நீ பின்னாடி சேர் போட்டு உக்காரு. ஆனா என்ன நடந்தாலும் வாயத் திறக்கக் கூடாது. அப்பத்தான் உனக்குத் தெரியும்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அப்பா, என்ன கஷ்டம்! என் பூக்கடையை ஒருவனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்ச் சக்கரத்தில் இரண்டு பேர் சிக்கிக்கொண்டு முழித்தார்கள். ஒருவன் நீள வீதியின் மூலையில் படுத்துக்கொண்டு வருகிறவனையெல்லாம் சுட்டான். நடுவில் குறுக்கே போக வழியே இல்லை... அதுதான் வியாதி என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த வாரம் பூக்கடையை எடுத்தேன். தேரை ஓரம் தள்ளினேன். நான் எழுப்பிய சுவரை இடித்து, உள்ளே கோயிலை ஒட்டிச் சுற்றும் உத்திர வீதியையும் சேர்த்தேன். இரண்டு வீதிக்கும் நடுவில் எங்கள் வீட்டையே திறந்துவிட்டேன், வாசலில் நுழைந்தால் கொல்லை வழியாக வெளியே போகலாம். கோயில் மதிலை மட்டும் தொடவில்லை. பஷீரும் தொடச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு எட்டு பேரும் எங்கள் சமையலறையில்தான் செத்தார்கள். என்ன சத்தம், என்ன சிரிப்பு! அண்ணன் அதை வாராவாரம் போட்டார். அம்மாவுக்கு மட்டும் இதுவரை சொன்னதில்லை.

இப்போது அந்த சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கடை. நான் இன்னும் பொழுதுபோக்காக மேப் செய்கிறேன். போன மாதம் ஒன்றை நெட்டில் போட்டேன். ஒரு பாழடைந்த ரயில்வே ஒர்க்‌ஷாப். "செம ப்ரோ", "வேற லெவல்", வரிசையாக ஸ்டார்... பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மனசு கேட்காமல் பஷீருக்கும் அனுப்பினேன். இப்போது அப்பாவின் கடையை அவன்தான் பார்க்கிறான். கடை லீவு அன்று வீடியோ காலில் ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டே விளையாட உட்கார்ந்தான்.

நான் ஆரம்பித்தேன், அங்கே இடது பக்கம் என்று...

"வாய மூடுறா."

மூடினேன். பழைய பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போனது. அவன் வெளி முற்றத்தைத் தாண்டி வாசற்கதவுக்கு வந்தான். தள்ளினான். சுட்டுப் பார்த்தான். சுற்றி வந்து மறுபடி தள்ளினான். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. டெஸ்ட் செய்யும்போது நான் எப்போதும் அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்துதான் தொடங்குவேன். வெளிப்பக்கம் போட்ட பூட்டை எடுக்கவே மறந்திருக்கிறேன்.

"சேஷா, இது தொறக்கவே இல்லடா. சூப்பர்னு எழுதினவங்கல்லாம் எப்படி உள்ள போனாங்க?"

நான் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.