ஒழுங்கை வாயில் ஒரு டிப்பர் கிரவல்

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஏழு பேர். நான், என்ட மனிசி, முன்வீட்டு மாஸ்டர், எங்கட வட்டாரத்தில் உள்ளூராட்சித் தேர்தல் கேட்ட வேட்பாளர், அவரோடு வந்த இரண்டு பேர், டிப்பர்காரர். இப்ப ஊரில் விசாரித்தால் கிரவல் ஆர் கொண்டுவரச் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாதாம். அதனால்தான் முதலில் ஆட்களை எழுதிவைக்கிறன்.

எங்கட ஒழுங்கை சாம்பல்தீவு ரோட்டில் இருந்து களப்புப் பக்கம் இறங்கி, கரையோடு முடிந்துவிடும். இரண்டு பக்கமும் மதில். ஒரு ஆட்டோ மட்டுமட்டாகப் போகும். மாரியில் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றைத் தாண்டித்தான் நான் விடியச் சல்லிக் கிராமத்துக்குப் போய், மீன் விற்கிற ஆட்களை ஏற்றி டவுன் மார்க்கெட்டில் விடுகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆட்டோவும் லீசிங்கில் எடுத்தது. ஒரு மாதம் பிந்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற யோசனையிலேயே பாதி நித்திரை போய்விடும்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்து ஆட்டோவை முற்றத்தில் விட்டிருந்தன். சேற்றுக்கு மேல் பரவ வேட்பாளர் கொண்டுவரச் சொன்ன கிரவல் மண்ணோடு டிப்பர் பின்பக்கமாக ஒழுங்கை வாய்க்கு வந்தது.

"அண்ணே, ஆட்டோ உள்ளுக்க நிக்குது. வெளியால எடுத்துப்போட்டுக் கொட்டுவமே?" என்றன் வேட்பாளரிடம்.

"அரை மணித்தியாலத்தில பரவிவிட்டுடுவம். நீர் ஏன் எல்லாத்துக்கும் பயப்பிடுறீர்?"

"அவர் வெறும் வானத்துக்கே குடை பிடிக்கிற ஆள், அண்ணே," என்று என்ட மனிசி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தன். கிரவல் கொட்டியாயிற்று.

"பில் ஆரிட பேரில?" என்று டிப்பர்காரர் கேட்டார்.

வேட்பாளர் நாலாபக்கமும் பார்த்தார். "தேர்தல் நேரம், என்ட பேர் வரப்படாது. இந்தத் தம்பிட பேரையும் போன் நம்பரையும் போடும். வெண்டு வந்து நான் கட்டுறன்."

எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒழுங்கைக்கு வருகிற நல்லதை நான் மறித்தன் என்று கதை வரப்படாது. நம்பரைச் சொன்னன்.

அவரோடு வந்த இரண்டு பேரும் மண்வெட்டி எடுக்கப் போனார்கள். அவர்கள் திரும்பமுதல் ஒரு ஜீப் வந்தது. எதிர்க்கட்சி ஆட்கள் போன் பண்ணிவிட்டார்களாம். தேர்தல் வேலையில் இருந்த அதிகாரிகள் குவியலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். தேர்தல் முடியும்வரை இதில் ஒருவரும் கை வைக்கப்படாது என்றார்கள்.

"நான் சும்மா இந்தப் பக்கம் வந்தனான்," என்றார் வேட்பாளர். மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நெஞ்சளவு உயரக் கிரவலுக்கு இந்தப் பக்கம் என்ட ஆட்டோ.

அதற்குப் பிறகு தினமும் விடிய எழும்பி, பற்றரி இறங்காமல் இருக்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சும்மா உறுமவிட்டு நிற்பாட்டுவன். சல்லி ஆட்கள் வேறு ஆட்டோ பிடித்துவிட்டார்கள். லீசிங் கட்ட மனிசி சங்கிலியை அடகு வைத்தாள். குடைக்கதையை அவள் பிறகு எடுக்கவேயில்லை.

"தம்பி, மதில் கட்டின கராச் உள்ள ஆட்டோ இந்த ஊரில உம்மட ஒண்டுதான்," என்றார் மாஸ்டர்.

எனக்கு அந்த வேட்பாளரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அவர் வெல்லவேண்டும், வென்றால்தானே பில்லைக் கட்டுவார். கோயிலடியில் அவருக்காகக் கும்பிட்ட எரிச்சலை ஆரிடம் சொல்ல? அவருக்கே வோட்டும் போட்டன். அவர் தோற்றார்.

பில்லைப் பற்றிக் கேட்க அவர் வீட்டுக்குப் போனன். கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"உம்மட ஒழுங்கைக்குள்ள எனக்கு எத்தினை வோட்டு விழுந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். வெண்டவரிட்டப் போய்க் கேளும்."

"அண்ணே, நான் உங்களுக்குத்தான் போட்டனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

வென்றவரிடம் போனன். "அது அவையின்ட கிரவல். நான் கட்டவும் ஏலாது, தொடவும் ஏலாது. நீங்கள் பரவுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனிசியும் மாஸ்டரும் பரவினோம். காலந்தப்பிப் பெய்த மழையில் ஒரு பங்கு ஏற்கெனவே கரைந்து, தண்ணி ஓடுகிற கானுக்குள் போயிருந்தது. ஆட்டோ வெளியே வந்தது. இரண்டு நாள் கழித்து வென்றவர் வந்து, அந்தக் கிரவலின் மேல் நின்று படம் எடுத்து, வேலை தொடங்கியாச்சு என்று பேஸ்புக்கில் போட்டார்.

"படம் அவற்ற, பில் உம்மட," என்றார் மாஸ்டர்.

டிப்பர்காரர் பின்னேரத்தில் போன் எடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. "எனக்குக் கட்சி தெரியாது தம்பி, உங்கட நம்பர்தான் தெரியும்," என்பார். ஒழுங்கைக்குள் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்தன். சிலர் தந்தார்கள். சிலர், "நாங்கள் கிரவல் கேட்டனாங்களோ?" என்றார்கள். அவர்களும் அதன் மேலால்தான் நடந்து போகிறார்கள். சல்லி ஆட்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் மிச்சம் பிடித்து நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறன். முப்பத்தெட்டாயிரத்தில் கொடுத்தது போக, இன்னும் கட்ட இருக்கிறது இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.