எல்லம்மா கடப்பாரையைக் கீழே வைத்த இடம்

ஹைதராபாதில் ஐ.டி. கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். உப்பல் பக்கம் பிராட்பேண்டுக்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டி ஃபைபர் கேபிள் பதிக்கும் வேலைக்கு நான்தான் சைட் இன்ஜினியர்.

ஒரு நாள் காலை, ஒரு வேப்பமரத்தருகே வந்ததும் எல்லம்மா என்ற கூலிப்பெண் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்க வேணாம் மேடம்" என்றாள் தெலுங்கில்.

"ஏம்மா, பாறையா?"

"இல்ல. முன்னாடி வேற கம்பெனி கேபிள் போட்டப்பவும் நாங்கதான் தோண்டினோம். அப்போ கூடாரத்துல காய்ச்சல் வந்து என் பாப்பா செத்துப்போச்சு. சுடுகாடு எங்கன்னு தெரியல. இந்த மரத்தடியிலதான் புதைச்சோம்."

பள்ளத்தைச் சாலைப் பக்கமாக வளைத்துத் தோண்டச் சொன்னேன். காண்ட்ராக்டர் பதறினார்.

"நக்கோ, வேணாம் மேடம்! தார் ரோட்டை வெட்டினா பர்மிஷனே போயிடும்."

"நான் பதில் சொல்லிக்கறேன்."

எல்லம்மா அழவில்லை. கடப்பாரையை எடுத்துத் தாரைக் குத்தத் தொடங்கினாள். அன்று மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். மரம் இல்லை. தோண்டியவர்களிடம் யாராவது சொன்னார்களா, அவர்களில் எல்லம்மாவும் இருந்தாளா, எதுவும் தெரியாது.

இப்போதும் சாலையோரம் பள்ளம் தோண்டும் பெண்களைக் கண்டால் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அவள் நிமிர்ந்து பார்த்தால் என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.