வழி விடத் தெரியாதவன்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு லாரி ஏறியவன் நான். நாமக்கல் ரோட்டில் பின்னால் லைட் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுவதுதான் மரியாதை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் மாட்டி, முகம் தெரியாதவர்களோடு கார் பந்தயம் ஓட்டியபோதும் அதையே செய்தேன். முதலிடத்தில் ஓடிய எடப்பாடிக்காரர் ஒருவர் என்னை ஒரு சுற்று முந்துவதற்காகப் பின்னால் நெருங்கினார். பயந்து சட்டென்று ஒதுங்கினேன். அவரும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தார். இரண்டு காரும் சுவரில் மோதின.

"ஏனுங்ணா, ஓரங்கட்டறதுக்கு இதென்ன டோல்கேட்டுங்களா?" ஹெட்போனில் அந்த எடப்பாடிக்காரர் கத்தினார்.

"வழி உட்டனுங்க."

"நீங்க உங்க கோட்டுலயே போனாத்தானுங்க நான் தாண்ட முடியும். இன்னொருக்கா இப்புடின்னா ரேஸ் குரூப்ல இருந்து உங்கள எடுத்துருவாங்க."

லோடு இல்லாத நாட்களில் எனக்குப் பேச்சுத்துணை அந்தக் குரூப் மட்டும்தான். அடுத்த பந்தயத்திலும் ஒரு சுற்று பின்தங்கினேன். கண்ணாடியில் அவர் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. கை தானாக இடப்பக்கம் இழுத்தது. பல்லைக் கடித்து நேராகப் பிடித்தேன். உரசாமல் தாண்டினார்.

"தேங்க்ஸுங்ணா!"

ஸ்டீயரிங்கை நேராகவே பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அடுத்த கார் தெரிந்தது.