தூங்கவிடாத தாலாட்டு

முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவது வரிசையில் நிற்கிறார் லேப் சார். ஒவ்வொரு கணினியின் முன்னாலும் குனிந்து, மவுஸை இடமும் வலமுமாக ஒருமுறை அசைக்கிறார். திரை கண் விழிக்கிறது. அடுத்ததற்கு நகர்கிறார். தொட்டிலை ஆட்டுகிற அதே பக்குவம்தான். என்ன, தாய்மார்கள் தூங்கவைக்க ஆட்டுவார்கள், இவர் தூங்கிவிடக் கூடாதே என்று ஆட்டுகிறார். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வரிசை மறுபடி கண் அசந்திருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பருவத்துக்கு ஒருமுறை தொழில்நுட்பக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டுகிறது. அந்தப் பணத்தில் நடக்கும் கணினிக் கூடத்தைக் கட்டிக் காப்பது இவர் பொறுப்பு. காப்பதில் குறையே சொல்ல முடியாது. நாற்காலிகளில் உட்கார்ந்த தடமில்லை, விசைப்பலகைகளில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. பிள்ளைகள்தான் வருவதில்லை. அவரவர் பையில் அவரவர் லேப்டாப்.

ஒரு நெட்டைப் பையன் இவரை நடையில் வழிமறித்து நியாயம் கேட்டான். "சார், நான் லேப் பக்கமே வந்ததில்ல. அப்புறம் எனக்கெதுக்கு சார் இந்த ஃபீஸ்?"

"வராதது உன் தப்பு தம்பி. அதுக்கு நான் ஃபைனா போட்டேன்?" என்று பெருந்தன்மையோடு நகர்ந்துவிட்டார்.

இந்த மவுஸ் ஆட்டத்துக்குக் காரணம் உண்டு. விழித்திருக்கிற கணினியின் முன்னால் ஆள் இருக்கிறது என்பது அந்தக் கட்டணத்தைப் பங்கிடும் கமிட்டியின் கணக்கு. ஆள் குறைந்தால் கூடத்தை மூடிவிட்டு, இவரைக் கீழ்த்தளத்துப் புகார் கவுன்ட்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க நெட்டைப் பையன்கள்தான். முன்பு லீவில் போன ஒருவருக்குப் பதிலாகச் சில நாள் அங்கே இருந்திருக்கிறார். உள்ளே போனபோது கருப்பாக இருந்த மீசை, வெளியே வரும்போது வெள்ளையாக இருந்தது. நம்பாதவர்கள் நேரில் வந்து மீசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிடும் மனைவிக்கு இதெல்லாம் அத்துப்படி. "ஊர்ல எல்லாருக்கும் வேலை செஞ்சு கை வலிக்கும். உங்களுக்குத்தான் வேலை இருக்குன்னு காட்டியே வலிக்குது" என்பார்.

"ரெண்டுல அதுதாம்மா கஷ்டம்" என்பார் இவர், உண்மையாகவே.

மனிதரிடம் ஒரே குறை, அளவு தெரியாது. பரீட்சை முடிந்து, வளாகத்தில் நாய்கூட நடமாடாத விடுமுறையிலும் விடாமல் வந்து ஆட்டினார். கணக்கைப் பார்த்த கமிட்டித் தலைவி நெகிழ்ந்துபோனார். "லீவுலகூடப் பசங்க வந்து உழைக்கிறாங்களே சார். பாவம், இடமே பத்தல போலிருக்கே."

மறுக்கத்தான் வாயெடுத்தார். கவுன்ட்டர் கண்முன் வந்து நின்றது. "நெரிசல்தான் மேடம்" என்று வந்துவிட்டது வாயில்.

கமிட்டி சும்மா இருக்குமா? பக்கத்து அறைச் சுவரை இடித்து, இருந்த கணினிகளோடு அதே அளவு இன்னொரு படையைக் கொண்டுவந்து இறக்கியது. கையோடு கட்டணத்தையும் ஏற்றியது. ஒரு கைக்கே தைலம் போதாமல் இருந்தவருக்கு இப்போது இரண்டு கைக்கும் வேலை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விடுமுறை முடிந்து வளாகம் திறந்ததும், அந்த நெரிசலைக் கண்ணாரப் பார்க்கத் தலைவியே வருவதாகச் சொல்லி அனுப்பினார். லேப் சார் ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம் என்று வளாகமெங்கும் சேதி விட்டார். வந்தார்கள். வந்தவர்கள் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் போனைச் செருகினார்கள். ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, பிளக்கை மாட்டி வருவதற்குள் இவருக்கு ஏசியிலேயே வேர்த்துவிட்டது.

கடைசியாக வந்தவன் நெட்டைப் பையன். "ஏத்தின ஃபீஸுக்கு இங்க தூங்கவாவது செய்றேன் சார். அந்த மேடம் வந்தா எழுப்புங்க, ஒரு கேள்வி கேக்கணும்" என்று வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மேசையில் தலை சாய்த்தான். குறட்டை உடனே வந்தது.

நடையில் தலைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. பையனின் முன்னாலிருந்த திரை மெல்ல இருண்டுகொண்டிருந்தது. திரை விழிக்க வேண்டும், பையன் விழித்துவிடக் கூடாது. லேப் சார் ஓசைப்படாமல் போய் அவன் பின்னால் நின்றார். மடியில் கிடந்த அவன் வலது கையை எடுத்து மவுஸின்மேல் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்து, குழந்தைக்கு முதல் எழுத்தை எழுதப் பழக்குவதுபோல, இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார்.