அல்ஹாமாவில் இறங்கிய முழங்கால்

போன சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சட்டனில் ஒரு கல்யாணம். மணவறையில் பெண்ணின் அப்பா செய்த காரியத்தை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் உங்களை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போக வேண்டும்... வருகிறீர்களா?

பெண்ணின் அப்பா சிவபாலன் அண்ணை. தோர்ண்டன் ஹீத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மகளின் கல்யாணத்தில் சம்மணம் கட்டி இருந்து தாரை வார்க்க வேண்டுமே — அதுதான் அவருடைய ஒரே கவலை.

"கதிரையில இருந்து செய்யலாம்தானே அண்ணை?" என்று போன வருடம் ஒரு நாற்காலியைக் காட்டிக் கேட்டேன்.

"கதிரையிலயோ? சனம் என்ன சொல்லும்!"

ஸ்பெயினில் ஒரு வெந்நீர் ஊற்று மூட்டுவலிக்கு நல்லதென்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். துணைக்கு நான். மலகாவில் இறங்கி, வாடகைக் காரில் மலைப்பாதை ஏறி, அல்ஹாமா என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

என்ன ஊர்! ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். ஊரின் பெயரே குளிக்குமிடத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாம். ரோமர்கள் குளித்த தண்ணீர். பிறகு அரபுகள் கட்டிய குளியல் மண்டபம், குதிரை லாட வடிவ வளைவுகளோடு, இன்றைய ஸ்பா ஹோட்டலுக்குள் அப்படியே இருக்கிறது. ராஜ்ஜியங்கள் மாறின, நிலநடுக்கம் ஊரையே உலுக்கியது — தண்ணீரின் சூடு மட்டும் ஆறவில்லை.

ஆற்றோரத்தில் யாரும் இறங்கக்கூடிய குளியல் தொட்டிகள். ஆவி பறக்கிறது. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த அண்ணை கரையிலேயே நின்றுவிட்டார். இறங்குவதற்கு யாராவது பிடிக்க வேண்டும். பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே!

"தம்பி, நீர் இறங்கும். நான் சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அப்போது எண்பது வயதுக்கு மேலிருக்கும், ஒரு ஸ்பானியர் வந்தார். மகன்மார் போலிருந்த இருவர் அவரைக் குழந்தைபோலத் தூக்கி இறக்கினார்கள். மனிதர் கூனிக்குறுகினாரா? இல்லவே இல்லை! ஏதோ பகிடி விட்டார், தொட்டி முழுவதும் சிரித்தது. பிறகு அண்ணையைக் கண்டு கை காட்டினார். அந்த இருவரும் எழும்பி வந்தார்கள்.

"ஐயோ, விடுங்கோ!"

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த நிமிடம் அண்ணை கழுத்தளவு தண்ணீரில்.

முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "அந்தாளுக்கு ஒரு துளி வெக்கமும் இல்லையடாப்பா." குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

நாலு நாள் ஊறிவிட்டுத் திரும்பினோம்.

இனி சட்டனுக்கு வாருங்கள். மண்டபம் நிறைந்த சனம். ஐயர் பலகையைக் காட்டி, "இருங்கோ" என்றார். அண்ணை, மைக் தேவையில்லாத குரலில், "ஐயா, எனக்கொரு கதிரை போடுங்கோ" என்றார்.

கதிரை வந்தது. நிமிர்ந்து இருந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் மறைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் செவன் கிங்ஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வாயைக் கொடுத்தார்: "என்ன அண்ணை, ஸ்பெயின் தண்ணி வேலை செய்யேல்லையோ?"

"செய்தபடியாத்தானே கதிரை கேட்டனான்!"